சட்டம் வந்தது, ஆனால் ஊர் மாற ஒரு தலைவி வேண்டியிருந்தது

ஆப்பிரிக்க நாடான மலாவியின் கிராமச் சிறுமிகளின் அன்றாடத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரை, விடியுமுன் அடிபம்பில் வரிசை, சுள்ளி பொறுக்குதல், தம்பி தங்கையைத் தூக்கிச் சுமத்தல் என்று அவர்களின் உழைப்பை நன்றாகவே காட்டியிருக்கிறது. ஆனால் குழந்தைத் திருமணத்தை ஒரே வரியில் கடந்துபோனது எனக்கு வருத்தம்.

அங்கே ஆரம்பப் பள்ளியில் 1994 முதலே கட்டணம் கிடையாது. அப்படியும் பெண் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். வறுமைதான் பெரிய காரணம். மக்காச்சோள அறுவடைக்கு முந்தைய மாதங்களில் குதிர் காலியாகிவிடும். அப்போது மகளைக் கட்டிக்கொடுத்தால் ஒரு வயிறு குறையும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அவர்களை மட்டும் திட்டி என்ன பயன்?

2015-இல் திருமண வயது 18 என்று சட்டம் வந்தது. ஆனால் பெற்றோர் சம்மதித்தால் 15 வயதிலேயே மணம் செய்யலாம் என்ற வழி அரசியலமைப்பில் இருந்தது. அது 2017-இல்தான் அடைபட்டது. டெட்சா மாவட்டத்தின் பாரம்பரியப் பெண் தலைவர் தெரசா கச்சின்டமோட்டோ இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. நூற்றுக்கணக்கான சிறுவயதுத் திருமணங்களை ரத்து செய்து பிள்ளைகளைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பினார். அப்படிப்பட்ட திருமணங்களை அனுமதித்த தனக்குக் கீழுள்ள ஊர்த்தலைவர்களைப் பதவியிலிருந்தே நீக்கினார். என்ன துணிச்சல்! அவரைப் பற்றி ஒரு பத்தியாவது வந்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பிள்ளை பெற்ற சிறுமிகளும் படிப்பைத் தொடர அங்கே விதி இடம் தருகிறது. கைக்குழந்தையை யாரிடம் விட்டு வகுப்புக்குப் போகிறார்கள், புத்தகத்துக்கும் சீருடைக்கும் யார் கொடுக்கிறார்கள் என்று அடுத்த கட்டுரையில் விரிவாக எழுதுங்கள்.