டெண்டர் பெட்டி போர்ட்டலா மாறிடுச்சு, தார்ப்பாய் மட்டும் மழை பெஞ்ச பிறகுதான் வருது

மன்னார்குடில தார்ப்பாய் கடை வெச்சிருக்கேன். தையல் மிஷின் நாலு, ஆளு ஆறு பேரு, அப்பா ஆரம்பிச்ச கடை. சின்ன வயசுல அவரோட டெண்டர் போட போயிருக்கேன். கவர்மெண்ட் ஆபீஸ் வராண்டால ஒரு தகரப் பெட்டி, ரேட் எழுதின கவர அதுலதான் போடணும், பூட்டு போட்டு அரக்கு சீல் வெச்சிருப்பாங்க. ஆனா பெட்டி வரைக்கும் போய் சேரணும்ல? கேட்டுலயே நாலு பேரு நிப்பானுங்க, "என்ன முதலாளி, கவரா, குடுங்க நாங்களே போட்டுடறோம்"னு சிரிச்சிக்கிட்டே கைய நீட்டுவானுங்க. கவர சட்டைக்குள்ள சொருகிக்கிட்டு அப்பா அப்படியே பஸ் ஏறி திரும்பி வந்த நாளும் உண்டு.

அதனால ஆன்லைன் டெண்டர குறை சொல்ற ஆள் நான் இல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு லுங்கியோட உக்காந்து அப்லோட் பண்றேன், எவனும் கைய பிடிக்க முடியாது. கடைசி நேரத்துல டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் மக்கர் பண்ணும், ஸ்கேன் பண்ண பைல் ஏறாது, அதெல்லாம் பழகிடும். ஆனா மாறினது அந்தப் பெட்டி மட்டும்தான்னு எனக்கு தோணுது. பெட்டிக்கு போறதுக்கு முந்தி என்ன நடக்குது, தொறந்த பிறகு என்ன நடக்குதுன்னு பாத்தா அப்பா காலத்துக்கும் இப்பவுக்கும் பெருசா ஒண்ணும் வித்தியாசம் இல்ல.

நேரத்தையே எடுத்துக்குங்க. குறுவை அறுப்பு செப்டம்பர் அக்டோபர்ல, வடகிழக்கு மழையும் அக்டோபர்ல, இத சொல்ல வானிலை ரமணன் சார் வரணுமா என்ன. அரசு நெல் கொள்முதல் நிலைய வாசல்ல 40 கிலோ மூட்டைங்க அடுக்கி கெடக்கும், ஈரப்பதம் 17 சதவீதத்த தாண்டிட்டா நெல்ல எடுக்க மாட்டாங்க, அப்பறம் டெல்லிக்கு எழுதி தளர்வு கேட்டுக்கிட்டு கெடக்கணும், அப்பதான் யாருக்கோ தார்ப்பாய் ஞாபகம் வரும். தூர்வாருறதும் இதே கதைதான். மேட்டூர் அணை 1934லேர்ந்து இருக்கு, ஜூன் 12ன்னா பாசனத்துக்கு தண்ணி தொறக்கற நாள்னு டெல்டால பள்ளிக்கூடத்து புள்ளைக்கும் தெரியும் (2022ல மே 24லயே தொறந்தாங்க, அது வேற விஷயம்), ஆனாலும் வாய்க்கால்ல பொக்லைன் நிக்கும்போதே தண்ணி வந்து நிக்கறத நாம பாக்காததா?

நம்ம மாநிலத்துல டெண்டருக்குன்னே 1998ல தனிச் சட்டம் போட்டாங்க, ஒளிவுமறைவற்ற டெண்டர் சட்டம், கர்நாடகாவே அடுத்த வருஷம்தான் போட்டுச்சு. 2000த்துல விதிகளும் வந்துச்சு. 2 கோடி வரைக்கும்னா டெண்டர் போட குறைஞ்சது 15 நாள் டைம் குடுக்கணும், அதுக்கு மேலன்னா 30 நாள். ஆனா மேலதிகாரி காரணம் எழுதி வெச்சிட்டா அந்த நாள குறைச்சிக்கலாம். இங்கதான் இருக்கு சூட்சுமம். ஏப்ரல்லயே தெரிஞ்ச தேவைய ஆகஸ்ட் வரைக்கும் ஊறப்போட்டா எல்லாமே அவசரம்தான், அவசரம்னா யாருக்கு முன்னாடியே விஷயம் தெரியுமோ அவன் மட்டும்தான் சரக்கோட ரெடியா இருப்பான். கஜா அடிச்சப்ப, 2018 நவம்பர்ல, டெண்டர் விட்டுதான் தார்ப்பாய் வாங்கணும்னு யாரும் சொல்லல, சொல்லவும் கூடாது, இயற்கைப் பேரிடருக்கு சட்டத்துலயே விலக்கு இருக்கு. ஆனா ஐப்பசி மழை பேரிடர் இல்லீங்க, அது காலண்டர்.

அடுத்து ஸ்பெசிபிகேஷன், அதாவது சரக்கு எப்படி இருக்கணும்னு டெண்டர்ல எழுதறது. ஒரு தடவை ஒரு டெண்டர் போட்டேன், எந்த ஆபீஸ்னு சொல்ல மாட்டேன், நாளைக்கும் அங்கதான் போய் நிக்கணும். சாதாரணமா எச்டிபிஇ (பிளாஸ்டிக்) தார்ப்பாய்க்கு ஐஎஸ் 7903ன்னு ஒரு தரக் குறியீடு இருக்கு, அத போட்டு, நீள அகலம், எத்தன ஜிஎஸ்எம்னு (சதுர மீட்டருக்கு எத்தன கிராம் எடை) போட்டா வேலை முடிஞ்சுது. இதுல ஓரத்து கயிறோட கனம், வளையத்துக்கு வளையம் இத்தன சென்டிமீட்டர், கலர் இந்த ஷேடு வரைக்கும் எழுதியிருந்தாங்க. எங்கயோ படிச்ச மாதிரி இருக்கேன்னு கடை டிராயர குடைஞ்சா, ஒரு கம்பெனி நோட்டீஸ்ல இருந்தது அப்படியே வரிக்கு வரி! போதாததுக்கு மூணு வருஷம் இதே துறைக்கு சப்ளை பண்ண சர்டிபிகேட் வேணுமாம். உள்ள விட்டாத்தானேய்யா சர்டிபிகேட் வரும்? சிறு உற்பத்தியாளருக்கு ஈஎம்டி, அதான் டெண்டரோட கட்டற முன்வைப்புத் தொகை, அதுல விலக்கு தர்றாங்க, நல்ல விஷயம்தான், முன்வாசல்ல நுழைவுக் கட்டணம் இல்லன்னுட்டு உள்கதவ சாத்திட்டா என்ன பிரயோஜனம்.

ரேட்ட பாக்கறதுக்கு முந்தி தகுதி பாக்கற டெக்னிக்கல் பிட்லயே என்ன தூக்கிட்டாங்க. போர்ட்டல்ல "ரிஜெக்டட்"ன்னு ஒத்த வார்த்தை. ஏன்னு கேக்க ஆபீஸுக்கு போனேன், அங்க இருந்தவர் நல்லாத்தான் பேசினாரு, டீயெல்லாம் வாங்கிக் குடுத்தாரு, "அடுத்த தடவை பாத்துக்கலாம் தம்பி"ன்னாரு. முடிவ எதுத்து அரசுக்கு அப்பீல் போகலாம், ஆனா உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள்ள போகணும், காரணமே தெரியாம நான் எதுன்னு எழுதறது?

யுக்ரைன்ல புரோசோரோன்னு ஒரு ஆன்லைன் டெண்டர் போர்ட்டல் வெச்சிருக்காங்க, 2016லேர்ந்து அரசாங்க கொள்முதல் அதுலதான். ஏலம் முடிஞ்சதும் தோத்தவன் எவ்வளவு கோட் பண்ணான், என்ன பேப்பர் வெச்சான்னு யாரு வேணாலும் பாக்கலாம். இங்க அவ்வளவு கூட கேக்கல. வருஷா வருஷம் வாங்கற சாமான் லிஸ்ட்ட ஏப்ரல்லயே போடுங்க. நோட்டீஸ் விடறதுக்கு முந்தி ஸ்பெசிபிகேஷன் டிராப்ட்ட பத்து நாள் போர்ட்டல்ல தொங்கவிடுங்க, நாங்க கேக்கற கேள்வியும் நீங்க சொல்ற பதிலும் எல்லார் கண்ணுலயும் படட்டும். தஞ்சாவூர் திருவாரூர் நாகப்பட்டினம் மயிலாடுதுறைன்னு எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டாம மாவட்டத்துக்கு ஒண்ணா பிரிச்சு, நாலஞ்சு பேருக்கிட்ட ரேட்ட முன்னாடியே முடிவு பண்ணி வெச்சுக்கிட்டா மேகம் கறுத்த அன்னிக்கு ஒரு போன் போதும், சாயந்தரம் லோடு வந்து நிக்கும். ஒரே கம்ப்யூட்டர்ல இருந்து மூணு கம்பெனி பேர்ல ரேட் போட்டா அத போர்ட்டலே காட்டிக்குடுக்க முடியும், கேட்டுல நின்ன அந்த நாலு பேரு இப்ப எங்க உக்காந்திருக்கானுங்கன்னு அப்பதான் தெரியும்.

நம்ம லிஸ்ட்ல டெண்டர் போடற ஆளுங்க நிறைய பேரு இருக்கீங்க. அந்த 10 நாள் அப்பீல போட்டு ஜெயிச்சவங்க யாராவது இருந்தா என்ன எழுதினீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க, இந்தத் தடவை நானும் போட்டு பாக்கலாம்னு இருக்கேன்.