மூணு மணி நேரத்துல முடிஞ்சு போன கன்னியாகுமரி

அந்த வீடியோவை எனக்கு அனுப்புறதை நிறுத்துங்க மக்கா. பார்த்தாச்சு. "கன்னியாகுமரி வேஸ்ட், மூணு மணி நேரத்துல முடிஞ்சிரும், அந்தக் காசுக்கு வேற எங்கயாவது போயிருங்க"ன்னு கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு ஒரு யூடியூப் தம்பி சொல்ற அதே வீடியோதான். பேசாம இருந்திரலாம்னுதான் இருந்தேன். ஆனா கீழ நம்ம மாவட்டத்து ஆளுகளே "கரெக்ட் ப்ரோ"ன்னு போட்டிருக்காவ. அதுதான் தாங்கல.

தம்பி வந்த நேரத்தைப் பாருங்க. டிசம்பர் மாசம், ஞாயித்துக்கிழமை, மதியம் பன்னெண்டரை மணி. இதை விட மோசமான முகூர்த்தத்தைப் பஞ்சாங்கம் பார்த்தாலும் குறிக்க முடியாது. கார்த்திகை ஒண்ணாம் தேதியிலிருந்து மகரவிளக்கு வரைக்கும், அதாவது நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதி வரைக்கும், இங்க சபரிமலை சீசன். மாலை போட்டவங்க போற வழியிலயோ வர்ற வழியிலயோ கன்னியாகுமரியில இறங்கிட்டுத்தான் போவாங்க. சீசன் கடை போட்டிருக்கும், பார்க்கிங் ரொம்பி வழியும், படகுத்துறை வரிசை ரோட்டுக்கு வந்திரும். படகு காலையில எட்டு மணிக்கு ஓடத் தொடங்கும், சாயங்காலம் நாலு மணி வாக்குல டிக்கெட்டை நிறுத்திருவாங்க. மதியம் வர்றவனுக்கு என்ன மிஞ்சும்? உச்சி வெயிலும் வரிசையும்தான். பகவதி அம்மன் கோயிலும் மதியம் நடை சாத்தியிருக்கும். அவர் சாத்தின கதவைப் பார்த்தார், ஒரு பாசிமாலை வாங்கினார், ஊருக்கு மார்க் போட்டுட்டுக் கிளம்பிட்டார்.

மறுநாள் பத்மநாபபுரம் அரண்மனை வாசல்ல நின்னு "இதுவும் மூடிக் கிடக்கு பாருங்க"ன்னு ஒரு சிரிப்பு. திங்கக்கிழமை தம்பி. திங்கக்கிழமை அரண்மனைக்கு லீவு. அரண்மனை இருக்கிறது நம்ம தக்கலைப் பக்கம், பராமரிக்கிறது கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1-ல மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்தப்பவும் அரண்மனை அவங்க கையிலயே இருந்துட்டுது. அதனால நம்ம ஊர் லீவுக் கணக்கை வச்சுக்கிட்டு அங்க போய் நிக்கக் கூடாது. இந்த விவரம் போன்ல தட்டினா அரை நிமிஷத்துல வரும். வீடியோ எடுக்கிற அதே போன்லதான்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. கடல் முட்டுற கன்னியாகுமரி முனை வேற, கன்னியாகுமரி மாவட்டம் வேற. முனையில ஒரு மதியம் நின்னுட்டு மாவட்டத்துக்கே மார்க் போடாதீங்க.

அந்த முனையையாவது ஒழுங்காப் பார்க்கிறாங்களான்னா அதுவும் கிடையாது. சூரிய உதயம் வருஷம் முழுக்க ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவுல வந்திரும். பார்த்து முடிச்ச கையோட ரூமுக்குப் போய்ப் படுக்காம, ஒரு சாயா குடிச்சிட்டு ஏழு மணிக்குப் படகுத்துறையில போய் நில்லுங்க. முதல் ரெண்டு மூணு படகுக்குள்ள ஏறிட்டா பத்து, பத்தரைக்குள்ள விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் முடிஞ்சிரும். முன்னால சிலைக்குப் போறதே அதிர்ஷ்டம். சிலையைச் சுத்தி அடியில பாறை, நீர்மட்டம் இறங்கினா படகு அணைய முடியாது, விவேகானந்தர் பாறையை மட்டும் காட்டிட்டுத் திருப்பிக் கொண்டு வந்திருவாங்க. 2024 டிசம்பர் 30-ல திறந்த கண்ணாடிப் பாலம் அதைத்தான் மாத்திச்சு. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரே படகுல போய் ரெண்டையும் பார்த்துட்டு வரலாம். "கண்ணாடிப் பாலத்துல த்ரில்லே இல்ல"ன்னு தம்பி வருத்தப்பட்டிருந்தார். அது ராட்டினம் கிடையாது, பாறைக்கும் சிலைக்கும் நடுவுல நடந்து போறதுக்குக் கட்டினது.

காத்து பலமா அடிச்சா படகு நிக்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல இது அடிக்கடி நடக்கும். வாரக்கணக்கா முன்னாடி ப்ளான் போட்டாலும் அன்னிக்குக் கடல் சம்மதிக்கணும். அதுக்குத்தான் ரெண்டு ராத்திரி தங்குங்கன்னு சொல்றது. இன்னிக்கு நின்னா நாளைக்குப் போகலாம்.

அடுத்தது சூரிய அஸ்தமனம். மே மாசம் வந்துட்டு "கடல்ல விழும்னு சொன்னாங்க, மலைப்பக்கம் போய் விழுது, ஏமாத்திட்டாங்க"ன்னு ஒரு கூட்டம். ஜூன்ல சூரியன் நேர் மேற்கிலிருந்து இருபத்து மூணு டிகிரிக்கு மேல வடக்க தள்ளி இறங்கும். முனையிலிருந்து நம்ம கரை வடமேற்கா ஏறிப் போகுது. அப்போ சூரியன் கரைக்குப் பின்னாடிதான் போகும், யாரு என்ன செய்ய முடியும்? முனையில நின்னு கடல்ல இறங்குறதைப் பார்க்கணும்னா அக்டோபர் பாதியிலிருந்து மார்ச் பாதிக்குள்ள வாங்க. மத்த மாசம்னா குளச்சலுக்கோ தேங்காப்பட்டணத்துக்கோ போங்க. அங்க கரை இன்னும் வடக்க திரும்புது, ஜூன்லயும் கடல்லதான் இறங்கும். மேகம் விட்டா. சாரல் மாசத்துல மேகத்துக்கு நான் ஜாமீன் கிடையாது. சித்ரா பௌர்ணமிக்கு வந்தா ஒரு பக்கம் சூரியன் இறங்க, எதிர்ப்பக்கம் நிலா ஏறுறதைப் பார்க்கலாம். கூட்டம் அள்ளும், ஆனா அது ஒண்ணுக்குக் கூட்டத்தைப் பொறுத்துக்கலாம்.

இப்போ மாவட்டத்துக்கு வாங்க.

செவ்வாய்க்கிழமையா வச்சுக்குங்க. ஒன்பது மணிக்கு அரண்மனை வாசல்ல இருங்க. மதியம் ஒரு மணி நேரம் போல மூடுவாங்க, அதனால பன்னெண்டுக்கு மேல போய் அரக்கப் பரக்க ஓடாதீங்க. ரெண்டு மணி நேரமாவது வேணும். செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள விடுவாங்க. அதுவும் நல்லதுக்குத்தான், அந்தக் கருப்புத் தரையை வெறுங்காலோடதான் நடந்து பார்க்கணும். வேணாட்டு, திருவிதாங்கூர் ராஜாக்கள் இருந்த இடம், 1795 வரைக்கும் தலைநகரம். ஒவ்வொரு கட்டுலயும் ஆள் நின்னு விளக்கம் சொல்லுவாங்க. காது குடுத்துக் கேட்டா நேரம் போறது தெரியாது, செல்பி எடுத்துக்கிட்டே போனா இருபது நிமிஷத்துல வெளிய வந்திரலாம். தம்பி உள்ள போயிருந்தா இருபது நிமிஷம்தான் ஆகியிருக்கும்னு வைங்க. பஸ்ல வர்றவங்க தக்கலையில இறங்கி ஆட்டோ பிடிச்சா போதும். பக்கத்துலயே புலியூர்க்குறிச்சியில உதயகிரிக் கோட்டை. குளச்சல்ல 1741-ல டச்சுக்காரங்க மார்த்தாண்ட வர்மாகிட்டத் தோத்தப்போ பிடிபட்டு, அப்புறம் அவர் படைக்கே தளபதியான டி லனாயோட கல்லறை அதுக்குள்ளதான் இருக்கு.

அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம். காமராஜர் காலத்துத் திட்டம், 1966-ல முடிஞ்சுது. பறளியாத்துக்குக் குறுக்க, 115 அடி உயரத்துல, ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணி கொண்டு போற தொட்டி. சுற்றுலாவுக்குக் கட்டினதில்ல, விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வயலுக்குக் கட்டினது. தலைசுத்தல் இருக்கிறவங்க மேல நடக்காம, படி வழியா ஆத்துப் பக்கம் இறங்கித் தூணை அண்ணாந்து பாருங்க. எனக்கு அதுதான் பாலத்தோட அழகே.

அப்புறம் திற்பரப்பு. இங்கதான் பாதிப் பேர் ஏமாறுவாங்க. அருவி மழையை மட்டும் நம்பி விழுறதில்ல, மேல பேச்சிப்பாறை அணையில என்ன நடக்குதுங்கிறதையும் பொறுத்தது. கோடையில தண்ணி மெலிஞ்சிரும். மழை கொட்டி அணையில உபரி திறந்தா வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருவாங்க. ரெண்டுக்கும் நடுவுல வரணும். கிளம்புறதுக்கு முந்தின நாள் உள்ளூர்ச் செய்தியில அணை நிலவரம் பாருங்க. திரும்பி வரும்போது மார்த்தாண்டம் நெரிசலுக்குத் தனியா ஒரு மணி நேரம் ஒதுக்கிக்குங்க. மேம்பாலம் இருக்கு, நெரிசலும் இருக்கு. நாலுவழிச்சாலை இழுத்துக்கிட்டே கிடக்கு. கூகுள் மேப் சொல்ற நேரத்தை நம்பி ட்ரெயினைப் பிடிக்கப் போகாதீங்க.

எங்க தெரு அண்ணாச்சி வீட்டுக்குக் கோயம்புத்தூர்ல இருந்து சம்பந்தி குடும்பம் வந்துச்சு. முனை, படகு, சங்கு வாங்கல் எல்லாம் முடிச்சிட்டு "வேற என்ன இருக்கு மச்சான்"னு ஒரு மாதிரியாக் கேட்டிருக்கார். அண்ணாச்சி ஒண்ணும் பேசல. விடியக்காலம் எழுப்பித் தோவாளைப் பூச்சந்தைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டார். அங்கிருந்து வடசேரி கனகமூலம் சந்தையில மட்டிங்கிற நம்ம ஊர் வாழைப்பழம் வாங்கிக் குடுத்து, புட்டும் பயறும் பப்படமும் தின்ன வச்சு, மதியம் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்குதான்) தேங்காய் அரைச்ச மீன்கறியும். சாயங்காலம் சுசீந்திரம் கோயில், அனுமார், இசைத்தூண். சம்பந்தி ஊருக்குப் போயி ஒரு வாரம் மட்டிப்பழத்தைப் பத்தியே பேசினாராம். இந்த மட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. பச்சைப் பிள்ளைக்கு முதல்ல குடுக்கிற பழம் அது. தம்பி வீடியோவுல சாப்பாடுன்னு காட்டினது ஃப்ரைட் ரைஸ். கன்னியாகுமரிக்கு வந்து ஃப்ரைட் ரைஸ் தின்னுட்டு "டேஸ்ட் இல்ல"யாம். சவத்தெளவு.

மீனுக்கும் மாசம் உண்டு, கேட்டுக்குங்க. சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, அங்க விசைப்படகுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் தடை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேற்குக் கணக்கு, ஜூன் 1-லிருந்து ஜூலை 31 வரைக்கும். ஒரே மாவட்டத்துல ரெண்டு கணக்கு. ஜூன் முதல் ரெண்டு வாரம் ரெண்டு பக்கமும் விசைப்படகு கிடையாது, நாட்டுப்படகு மீன்தான், விலை ஏறித்தான் இருக்கும். "கடற்கரையில மீன் இவ்வளவு விலையா"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி தேதியைப் பாருங்க.

சரி, இப்போ வருவீங்க. "நீ ஊர்க்காரன், அதான் தூக்கிப் பிடிக்கே." ஆமா, ஊர்க்காரன்தான். பிறகு யாரு பேசுவா?

"முனையில ரூம் வாடகை கொள்ளை." சீசன்ல கொள்ளைதான், மறுக்கல. நாகர்கோவில்ல தங்குங்க, இருபது கிலோமீட்டர்தான், பஸ் இருந்துகிட்டே இருக்கும். உதயத்துக்காக ஒரு ராத்திரி மட்டும் முனையில தங்கினா போதும். "சீ வியூ"ன்னு சொன்னா எந்தத் திசைக் கடல்னு கேளுங்க. தெற்குப் பார்த்த ஜன்னலுக்குக் காசு குடுத்துட்டு உதயம் தெரியலன்னு அழக்கூடாது. முன்னாடி வேற கட்டடம் மறைக்குதான்னும் கேளுங்க.

"ஆட்டோக்காரங்க ஏமாத்துறாங்க." ஏறுறதுக்கு முன்னாடி பேசி முடிவு பண்ணுங்க. உங்க ஊர்ல மீட்டர் போட்டா ஓட்டுறாங்க?

"குப்பை. நாத்தம்." இதுக்குப் பதில் சொல்ல நாக்கு கூசுது. உண்மைதான். கழிப்பறை பத்தாது, குப்பைத்தொட்டி பத்தாது, அதிகாரிகள்கிட்ட நாமதான் சத்தம் போடணும். ஆனா வட்டக்கோட்டை மதில்லயும் முட்டம் பாறை இடுக்குலயும் சிக்கியிருக்கிற பாட்டிலையும் பிளாஸ்டிக் கப்பையும் நாங்க வீட்லயிருந்து கொண்டு வந்தா போட்டோம்? சங்கமத்துல முங்கி எழுந்துட்டு ஈரத்துணியைக் கடல்ல வீசிட்டுப் போறது யாரு? நீங்களே போட்டுட்டு நீங்களே வீடியோ எடுத்து எங்களுக்கு மார்க் போடுறீங்க.

"பீச்சுல குளிக்க விடமாட்டேங்கிறாங்க, போலீஸ் விசிலடிக்குது"ன்னு ஒரு வரி சொல்லியிருந்தார் பாருங்க. எனக்கு நிஜமாவே கோபம் வந்தது அந்த இடத்துலதான். 2024 மே 6-ல நம்ம மாவட்டத்து லெமூர் பீச்சுல டாக்டருக்குப் படிச்ச அஞ்சு பிள்ளைகள் அலையில போச்சு. கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரம் அது. கள்ளக்கடல்னா இங்க காத்தும் இருக்காது, மழையும் இருக்காது. எங்கயோ தெற்கு இந்தியப் பெருங்கடல்ல அடிச்ச புயலோட அலை பல நாள் பயணப்பட்டு வந்து திடீர்னு கரையில ஏறும். வானம் தெளிவா இருக்கும்போதே ஏறும். கோடை விடுமுறை மாசத்துல, நீங்க வர்ற மாசத்துலதான், அதிகம் வரும். அலை திரும்பும்போது காலுக்கடியில மணலை உருவிடும், நீச்சல் தெரிஞ்சவனும் நிக்க முடியாது. இந்தக் கடலை எங்க ஆளுகளுக்குத் தெரியும். தெரிஞ்சும் 2017 நவம்பர் 30-ல ஒக்கிப் புயல் அடிச்சப்போ தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு ஊர் ஊரா ஆளைப் பறிகுடுத்தோம். அந்தக் கடல் உங்களுக்கு பேக்ரவுண்டு. விசிலடிச்சவரைத் திட்டி ஒரு ரீல்ஸ்.

குளிக்கிற பீச் தேடுறவங்க இங்க வராதீங்க. குளுகுளு மலை வேணுங்கிறவங்களும் வேண்டாம், ராத்திரி ஆட்டம்பாட்டம் வேணுங்கிறவங்களும் வேண்டாம். சென்னையிலிருந்து ஒரே ஒரு நாள் லீவுல வந்துட்டுத் திரும்பணும்னா அதுவும் வேண்டாம், அலைச்சல்தான் மிஞ்சும். தம்பி சொன்னதுல அந்த அளவுக்கு நியாயம் உண்டு, அதுக்கு மேல இல்ல. ரெண்டு முழு நாள், திங்கக்கிழமை இல்லாம, ஜனவரி பாதிக்கு மேல மார்ச் பாதிக்குள்ள வர முடிஞ்சா வாங்க. மூணாவது நாள் கிடைச்சா சிதறால் மலைக்கோயில் ஏறி அந்தச் சமணச் சிற்பங்களைப் பாருங்க, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைப் பாருங்க. 418 வருஷத்துக்குப் பிறகு 2022 ஜூலையில குடமுழுக்கு நடந்த கோயில். ஆம்பளைங்க சட்டையைக் கழட்டணும், சுசீந்திரத்துலயும் அப்படித்தான். அதுக்கும் ஒரு வீடியோ போட்டிராதீங்க.

கமெண்ட்ல கேக்குறவங்க எந்த மாசம், என்ன கிழமை, எத்தனை நாள், கூட வயசானவங்க இருக்காங்களான்னு சேர்த்துக் கேளுங்க, பைய உக்காந்து எழுதுறேன். "ப்ளான் ப்ளீஸ்"னு மட்டும் போடுறவங்களுக்குப் பதில் வராது. "கரெக்ட் ப்ரோ" போட்ட நம்மூர்க்காரங்க ஒரு தடவையாவது தொட்டிப்பாலத்துல ஏறியிருந்தா கீழ வந்து சொல்லுங்க.