நாங்க எங்க மேடம் பிரிஞ்சோம்?

பாரிமுனையில், உயர்நீதிமன்றத்தை ஒட்டிய தெருக்களில் ஒன்றில் இருந்துகொண்டு ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் தொழில். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்ட பிரமாணப் பத்திரத்தை, அதில் கையெழுத்திட வேண்டியவருக்குத் தமிழில் படித்துக் காட்டுவதும் அதில் அடங்கும். சில மாதங்களுக்கு முன் வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அப்படிப் படித்துக் காட்டும்போது, 'செபரேட்டட்' என்று இருந்த இடத்தில், வழக்கம்போல, "நானும் என் கணவரும் பிரிந்து வாழ்ந்து வருகிறோம்" என்று சொன்னேன். அவர் என்னை நிறுத்தி, "நாங்க எங்க மேடம் பிரிஞ்சோம்? அவருதானே விட்டுட்டுப் போனாரு" என்றார். இந்தத் தொழிலில் நான் கேட்ட மிகச் சரியான திருத்தம் அதுதான். அன்றிலிருந்து இந்த ஒரு சொல்லை விட்டு என்னால் நகர முடியவில்லை.

'செபரேட்' என்பது இலத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். தனியே என்று பொருள்படும் ஒரு முன்னொட்டும், ஆயத்தம் செய்தல் என்று பொருள்படும் ஒரு வினையும் சேர்ந்து அது பிறந்தது. வெட்டித் துண்டாக்குவதைக் குறிக்கும் 'செவர்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான். 'ஸ்ப்ளிட்', 'பார்ட்', 'டிடாச்' என்று அதன் உறவுச் சொற்கள் நிறைய உண்டு; 'டிவோர்ஸ்' என்பதற்கு அடிப்படையான இலத்தீன் வினைக்கு வேறு திசையில் திரும்புதல் என்று பொருள். ஆனால் 'செபரேட்' என்ற வினைக்கு ஓர் இயல்பு உண்டு. இருவர் தாமாகப் பிரிந்தாலும், மூன்றாமவர் அவர்களைப் பிரித்தாலும், ஒருவர் மற்றவரை உதறிவிட்டுப் போனாலும் அந்த ஒரே வடிவம் போதும். யார் செய்தது என்று அது தானாகச் சொல்லாது.

தமிழ் அப்படி விடாது. பிரிந்தார் என்றால் தானாக. பிரித்தார் என்றால் மற்றவரை. விலகினார், விலக்கினார், நீங்கினார், நீக்கினார், ஒதுங்கினார், ஒதுக்கினார், அகன்றார், அகற்றினார், அறுந்தது, அறுத்தார். பள்ளியில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்து மறந்துபோன இலக்கணம், பிரிவைக் குறிக்கும் நம் சொற்களில் பெரும்பாலானவற்றில் ஒரு மெய்யெழுத்தின் அளவில் உயிரோடு இருக்கிறது. பெயர்ச்சொல்லுக்கும் இது பொருந்தும்: தானாக நேர்ந்தால் பிரிவு, ஒருவர் செய்தால் பிரிப்பு. சொத்துக்கும் நாட்டுக்கும் பிரிவினை என்று தனிச்சொல்லே உண்டு. அண்ணன் தம்பிகளுக்கு இடையே நடப்பது பாகப்பிரிவினை, 1947-இல் நடந்தது தேசப் பிரிவினை, அரசியலமைப்பின் 16-ஆவது திருத்தமாக 1963-இல் வந்ததைப் பிரிவினைத் தடைச் சட்டம் என்றே தமிழ்நாட்டில் சொல்கிறோம். கணவன் மனைவிக்கு இடையில் நடப்பதை யாரும் பிரிவினை என்று சொல்வதில்லை.

அகத்திணை மரபு இதில் இன்னும் கண்டிப்பானது. பாலைத் திணையின் உரிப்பொருள் பிரிதலும் பிரிதல் நிமித்தமும் என்று மட்டும் சொல்லி அது நின்றுவிடவில்லை. ஓதலுக்காகவா, பகை காரணமாகவா, தூது செல்லவா, பொருள் தேடவா, பரத்தையை நாடியா என்று ஒவ்வொரு பிரிவுக்கும் காரணத்தைச் சேர்த்தே பெயரிட்டது. பொருள்வயிற் பிரிவும் பரத்தையிற் பிரிவும் ஒன்றல்ல என்பதைத் தலைவியும் அறிவாள், தோழியும் அறிவாள். திருக்குறளின் 116-ஆவது அதிகாரத்துக்குப் பிரிவாற்றாமை என்று பெயர். ஆனால் அதன் முதற்குறளில் பேசும் பெண் பிரிவு என்ற சொல்லையே எடுக்கவில்லை. "செல்லாமை உண்டேல் எனக்குரை" என்கிறாள். நீ போகவில்லை என்றால் என்னிடம் சொல், விரைந்து திரும்பி வருவதைப் பற்றியானால் அதுவரை உயிரோடு இருப்பவர்களிடம் சொல் என்பது அவள் பேச்சு. போகிறவன் யார் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. வியாசர்பாடிப் பெண்ணுக்கும் இல்லை. குழப்பம் எனக்குத்தான் இருந்தது, அதுவும் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் சொன்னதால்.

சட்டத்திலும் இது வெறும் சொல் விவகாரம் அல்ல. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 10-ஆவது பிரிவு, நீதிமன்ற ஆணையின்படி பிரிந்து வாழ்தலைப் பற்றியது. அந்த ஆணைக்குப் பிறகும் திருமணம் நிலைத்தே இருக்கும், மறுமணம் செய்ய முடியாது. 13-ஆவது பிரிவு திருமணத்தையே முடிப்பது. 1976-இல் சேர்க்கப்பட்ட 13பி, ஓராண்டோ அதற்கு மேலோ தனித்து வாழும் இருவர் ஒப்புதலுடன் விவாகரத்துக் கேட்பது. 10, 13 ஆகிய பிரிவுகளின்படி நீதிமன்றத்தை நாடுவதற்குக் கைவிடுதல் என்பது தனியொரு காரணம்: தகுந்த காரணமின்றியும் மற்றவரின் சம்மதம் இன்றியும், தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் விட்டுப் போயிருக்க வேண்டும். சம்மதம் இன்றி என்பதுதான் அதன் உயிர். "பிரிந்து வாழ்கிறோம்" என்று எழுதினால் அந்தப் பன்மை விகுதியிலேயே பாதிச் சம்மதம் ஏறிவிடுகிறது.

முடிவைக் குறிக்கும் சொற்களையும் நாம் ஒன்றுபோலப் புழங்குகிறோம். விவாகரத்தில் வடமொழியும் அரபுமொழியும் கைகோத்து நிற்கின்றன. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை, எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் மணமுறிவு என்பதும் மணவிலக்கு என்பதும் ஒன்றல்ல என்பது என் கருத்து. முறிவு, எலும்பு முறிவைப் போலத் தானாக நேர்வது; விலக்கு, ஒருவர் செய்வது. நீதிமன்றம் வழங்குவது மணவிலக்கு. மணமுறிவு அதற்கு வெகுநாள் முன்னரே வீட்டுக்குள் நடந்து முடிந்திருக்கும்.

இதற்கு மறுப்பாக ஒரு தோழி சொன்னதை நான் எளிதில் தள்ள முடியவில்லை. அவர் அண்ணா நகரில் மகனோடு வாழ்பவர். அடுக்குமாடிக் குடியிருப்பில் யாராவது கேட்டால், தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தாலும், 'செபரேட்டட்' என்று ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாராம். ஏனென்றால் தமிழில் அவருக்காக வைத்திருந்த சொற்கள் வாழாவெட்டி, தள்ளி வைக்கப்பட்டவள், அறுத்துக்கொண்டு வந்தவள் என்பவைதாம். போனவன் அவனாக இருந்தாலும் பெயர் விழுவது அவள் மேல். வாழாவெட்டிக்கு ஆண்பாற் சொல் ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை. யார் செய்தது என்று அத்தனை நுட்பமாகச் சொல்லத் தெரிந்த மொழியில் இப்படி ஒரு சொல்லைச் செய்து வைத்தோம் என்பதில் எனக்குக் கோபம் உண்டு. அப்படிப்பட்டவருக்கு அந்த ஆங்கிலச் சொல் ஒரு கதவு. தம் வீட்டுக் கதையைத் தெருவுக்குச் சொல்ல வேண்டாம் என்று அவர் சாத்திக்கொள்கிறார். அதைத் திறந்து வை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் தமக்காக அந்தச் சொல்லைத் தேர்ந்துகொண்டார். வியாசர்பாடிப் பெண்ணுக்கோ, அவரைக் கேட்காமல் வேறு யாரோ தேர்ந்து கொடுத்தார்கள். நான் அதை அப்படியே தமிழாக்கினேன்.

ஆகவே இப்போது அந்தச் சொல் வரும்போதெல்லாம் படிப்பதை நிறுத்திவிட்டு, "யாரு போனது? நீங்களா, அவரா, ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணீங்களா?" என்று கேட்கிறேன். "நான்தான் கிளம்பி வந்துட்டேன்" என்று நிமிர்ந்து சொன்ன பெண்களும் உண்டு. அவர்களுக்கு விலகி வந்தேன் என்ற சொல் சரியாகப் பொருந்துகிறது. இதனால் ஒரு கட்டுக்குக் கால்மணி நேரம் கூடுதலாகிறது.

அந்தப் பெண்ணின் பிரமாணப் பத்திரத்தை அன்றே வழக்கறிஞரிடம் திருப்பி அனுப்பினோம். மாலையில் புதிய தாள் வந்தது. "என்னையும் என் இரண்டு குழந்தைகளையும் என் சம்மதம் இல்லாமல் விட்டுச் சென்றார்" என்று நான் படித்தபோது, அவர் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டார்.