மழைக் கணக்கு மட்டும் போதாது
மழை குறைந்த ராமநாதபுரம் கரையில் வண்டினங்களும் குறைவு என்று இங்கே வந்த கட்டுரை சொல்வது பாதிதான் சரி. உச்சிப்புளி பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் மழை பொய்த்த வருஷமும் காண்டாமிருக வண்டு வரத்தான் செய்தது. குருத்தைக் குடைந்துவிடும், அப்புறம் ஓலை விரியும்போது கத்தரியால் விசிறி மாதிரி வெட்டியதுபோல் இருக்கும். அதன் புழு வளர்வது எருக்குழியிலும் மட்கிய தென்னந்தடியிலும்தான். அங்கே ஈரம் இருந்தால் போதும், அதற்கு வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. போன முறை குழியைக் கிளறியபோது கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன (கோழிகளுக்குக் கொண்டாட்டம்). அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் உப்புக்காற்றில் எந்த வண்டும் தங்காது என்கிறார். அலை நனைத்த மணலில் புலிவண்டு ஓடுவதை அவர் பார்த்ததில்லை போல. கிட்டே போனால் விருட்டென்று பறந்து நாலடி தள்ளி உட்காரும். அதன் புழுவோ மணலில் செங்குத்தாக வளை தோண்டி, வாயிலில் தலையை வைத்து இரைக்குக் காத்திருக்கும்.