லீவு மட்டும் போதுமா மக்கா?

நேத்து நவம்பர் 1, நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்த நாள். அத மாவட்டத்துக்குன்னு ஒரு நாளாக் கொண்டாடணும்னு நான் போட்ட பதிவுக்குக் கீழ ஒரு அண்ணன் போட்ட கமெண்டை எல்லாரும் பாத்திருப்பீங்க. "ஒரு மாவட்டத்துக்கு எதுக்குத் தனியா ஒரு நாள்? அடுத்து வார்டுக்கு ஒண்ணு கேப்பீங்களா?" அதுக்கு எழுபது சிரிப்பு. சிரிச்சதுல பாதி நம்ம ஊர்க்காரங்க. அதுதான் தூங்க விடல.

அண்ணே, நான் கேக்கது லீவு இல்ல. லீவு ஏற்கெனவே இருக்கு. 1956ல அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சிய விட்டு இங்க வந்து சேந்ததுக்கு விடுற உள்ளூர் லீவு. காலைல இந்த இணைப்புக்காகப் போராடுன தலைவர் மார்ஷல் நேசமணி சிலைக்கு மாலை, ஒரு போட்டோ, பத்து மணிக்கெல்லாம் கார் கிளம்பிரும். பிள்ளைக மட்டையத் தூக்கிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போயிரும். இத நம்ம மாவட்டத்துப் பாரம்பரிய நாளாக் கொண்டாடுங்கன்னுதான் கேக்கேன். வில்லுப்பாட்டு வைங்க. நம்ம ஊர் சண்டைக் கலையான அடிமுறை ஆசானக் கூப்பிட்டு ரெண்டு சுவடு வச்சுக் காட்டச் சொல்லுங்க. நம்ம ஊர் மட்டி வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுதே, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுங்க. இதுல எங்க இருக்கு பிரிவினை?

"தமிழ்நாடு நாள்னு ஜூலை 18 இருக்கே?" இருக்கட்டும். 1967ல சட்டசபையில பேரு மாத்தத் தீர்மானம் போட்ட நாள், சந்தோசம். ஆனா அந்தப் பேருக்குள்ள நாங்க வந்து சேர 1954 ஆகஸ்ட் 11ல புதுக்கடையிலயும் மார்த்தாண்டத்துலயும் துப்பாக்கிச் சூட்டுல ஆள் செத்திருக்கு. எங்க தாத்தா அன்னைக்குச் சந்தைக்கு மரச்சீனி, அதான் மரவள்ளிக் கிழங்கு, கொண்டு போனவரு. கடவத்தப் போட்டுட்டு வயல் வழியா ஓடி வந்தாராம். சாகுற வரைக்கும் தீபாவளி வெடி கேட்டாக்கூட திண்ணைய விட்டு எழும்பி உள்ள போயிருவாரு.

ஆகஸ்ட் 22 வந்தா மெட்ராஸ் டேன்னு நடை, கண்காட்சி, பேச்சு. நானும் போயிருக்கேன், நல்லாத்தான் இருந்துச்சு. அது பண்பாடு. நாங்க கேட்டா மட்டும் வார்டு கணக்கு!

"பொம்பளைக மாரை மறைச்சுத் தோள்சீலை போட்டதுக்கு அடிச்ச மண்ணுக்கு என்ன பாரம்பரியம்?"னு ஒரு தோழர். நியாயம். அதையும் சேத்துச் சொல்லத்தான் நாள் வேணும்.

காலேஜ் ஹாஸ்டல்ல மொத நாள் "மரச்சீனி"ன்னு சொன்னேன். மூணு வருசத்துக்கு என் பேரு "சேட்டா". களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள்ள போனா, தமிழன்னு அங்க "பாண்டி". நான் யாருன்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் சர்டிபிகேட் காட்டிட்டே இருக்கணுமா?

அந்த அண்ணன் மேல கோவம்னு நினைக்காதீங்க. போன தடவ ஊர்ல இருந்து வந்தப்ப ஒரு சீப்பு மட்டிய பஸ்ல மடியிலயே வச்சுக் கொண்டாந்து அவருக்குக் குடுத்தேன்.

வாங்கிப் பாத்துட்டு, "ஏலக்கியா?"ன்னாரு.