சதம் கணக்கு போதும், ராத்திரி கணக்கைச் சொல்லுங்கள்

பங்குனி இன்னும் முடியவில்லை, அதற்குள் வேலூரில் வெயில் சதம் அடித்துவிட்டது என்று டிவியில் ஓட ஆரம்பித்துவிட்டது. ஏதோ சேப்பாக்கத்தில் மேட்ச் நடக்கிற மாதிரி தினமும் ஸ்கோர். நூறு டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் 37.8 செல்சியஸ். அதெல்லாம் எங்கள் பக்கத்தில் மார்ச் மாதமே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற சமாச்சாரம். மே மாதத்து இயல்பே இங்கே 38, 39ஐ ஒட்டித்தான் இருக்கும். அப்புறம் எதற்குத் தினமும் இந்த ஆரவாரம்?

நான் இருப்பது காவேரிப்பாக்கம் ஏரியை ஒட்டிய ஊர். 2019இல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு நாங்கள் ராணிப்பேட்டைக்காரர்கள், ஆனாலும் வெளியூரில் யாராவது கேட்டால் வாயில் முதலில் வருவது வேலூர்தான். தாத்தா கடைசி வரைக்கும் வடாற்காடு என்றுதான் சொன்னார். எந்தப் பெயரில் சொன்னாலும் வெயில் ஒன்றுதான்.

மார்ச் கடைசியானால் வானிலை ஆய்வுத் துறை ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குமான கோடைக் கணிப்பை வெளியிடும். அடுத்த நாளே வாட்ஸ்அப்பில் அதை வெட்டி ஒட்டி, சிவப்பு மை பூசி, 'இந்த ஆண்டு நெருப்பு மழை' என்று அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கணிப்பில் அப்படி எதுவும் இருக்காது. இன்னின்ன பகுதிகளில் மூன்று மாதச் சராசரி வெப்பம் இயல்பை விடக் கூடுதலாக இருக்க வாய்ப்பு இவ்வளவு, அவ்வளவுதான். இயல்பு என்பதும் ஒரு குறிப்பிட்ட முப்பது வருடக் கணக்கை வைத்துப் போட்ட சராசரி. மே 12ஆம் தேதி வாலாஜாவில் எத்தனை டிகிரி என்று அதில் தேடினால் கிடைக்காது. என் கவலை வேறு. அதே கணிப்பில் பகல் வெப்பத்துக்குத் தனியாக, ராத்திரி வெப்பத்துக்குத் தனியாக என்று இரண்டு படம் போடுவார்கள். அந்த இரண்டாவது படத்தை ஒருத்தரும் ஷேர் பண்ணுவதில்லை.

எங்களைக் கொல்வது அந்த இரண்டாவது படம்தான்.

பகலில் வெயில் என்றால் மரத்தடி இருக்கிறது, ஏரிக்கரைப் புளியமரம் இருக்கிறது, பொழுது சாய்ந்தால் போய்விடும் என்ற நம்பிக்கையாவது இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்குச் சுவரில் கை வைத்தால் சுடுகிறதே, அதற்கு எங்கே போவது? முன்பு எங்கள் வீடு நாட்டு ஓடு. எட்டு மணிக்கெல்லாம் ஆறிவிடும். தளம் போட்டபோது ஊரே வந்து பார்த்துவிட்டு நல்லா கீதுன்னு சொன்னது. அந்தத் தளம் பகல் முழுக்கக் குடித்த சூட்டை விடியவிடியக் கக்குகிறது. ஃபேன் போட்டால் மேலே இருக்கிற சூட்டைக் கீழே தள்ளுகிறது. அம்மா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஈரத்துணியை விரித்து அதன்மேல் படுக்கிறார். காலையில் அதே உடம்போடுதான் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் பஸ் ஏறுகிறார்கள், அங்கே தலைக்கு மேல் தகரக் கூரை.

வேலூரைப் பற்றிய அந்தப் பழைய கிண்டல் தெரியும்தானே, தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை, சாமியில்லா கோயில், ராஜா இல்லா கோட்டை என்று. சாமி 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். ஆற்றில் தண்ணீர் 2021 நவம்பரில் வந்தது, அதுவும் எப்படி, பாலாறு அணைக்கட்டில் வினாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல். மலை மட்டும் மொட்டையாகவே நிற்கிறது. இது கிண்டலோடு போகிற விஷயம் இல்லை, சுற்றி நிற்கிற பாறை மலை பகலில் காய்ந்து ராத்திரியில் சூட்டை வெளியே விடுகிறது, வேலூர் டவுனில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கடல் எங்களுக்கு நூறு கிலோமீட்டருக்குள்தான். சென்னையில் மதியமே கடல் காற்று நுழைந்துவிடும். அது எங்களிடம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும், சில நாள் வரவே வராது. மேற்கே இருந்து வருகிற காய்ந்த காற்று பலமாக இருந்தால் அதை அங்கேயே நிறுத்திவிடும். இரண்டும் எங்கள் தலைக்கு மேல் முட்டிக்கொள்கிற நாளில் சாயங்காலம் மேகம் திரண்டு இடி, சூறைக்காற்று, சில சமயம் ஆலங்கட்டி, அரை மணி நேர மழை. மாங்காய் மொத்தமும் கொட்டும், கரண்ட் போகும், ஆனால் அன்றைக்கு ராத்திரி தூங்கலாம். எங்கள் கோடையின் தலையெழுத்தே இந்த மாதிரி எத்தனை சாயங்காலம் வாய்க்கிறது என்பதில்தான் இருக்கிறது. 2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மே 24ஆம் தேதியே கேரளாவில் பருவமழை தொடங்கிவிட்டது, 2009க்குப் பிறகு அவ்வளவு சீக்கிரம் வந்தது அந்த வருடம்தான். கத்திரி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

கத்திரி பற்றி ஒரு வார்த்தை. சூரியன் பரணி மூன்றாம் பாதத்தில் நுழைவதிலிருந்து ரோகிணி முதல் பாதம் தாண்டுகிற வரைக்கும் என்பது பஞ்சாங்கக் கணக்கு, வருடா வருடம் மே 4ஐ ஒட்டி ஆரம்பித்து மாதக் கடைசியில் முடிந்துவிடும். வெயிலுக்குப் பஞ்சாங்கம் தெரியாது. கத்திரி கழிந்துவிட்டது என்று பள்ளிக்கூடம் திறந்து, பிள்ளைகள் ஜூன் முதல் வாரம் வியர்த்து ஒழுகி வீடு வந்ததை எத்தனை வருடம் பார்த்தாயிற்று.

சரி, ஏரிக்கு வருகிறேன். 'ஏரிக்கரையில் இருக்கிறீர்கள், உங்களுக்கு என்ன, ஜில்லென்று இருக்கும்' என்று சென்னையில் இருக்கிற சொந்தக்காரர்கள் சொல்லும்போது சிரிப்புதான் வரும். ஏரியில் தண்ணீர் இருந்தால் அந்தப் பக்கம் வருகிற காற்று கொஞ்சம் இதமாக இருக்கும், வாஸ்தவம். ஆனால் காற்று நின்றுவிட்ட ராத்திரியில் அதே ஈரம் புழுக்கமாக மாறி உடம்பைப் பிசுபிசுக்க வைக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் இன்னும் மோசம், சீமைக்கருவேலமும் வெடித்த சேறும் மட்டும் மிச்சம். இந்தக் கோடை எப்படி இருக்கும் என்று நான் கேட்டால் அப்பாவின் பதில் வருடா வருடம் ஒன்றுதான்.

"இன்னாத்துக்குடா அந்த போனையே பாத்துகினு கீற? போயி மதகாண்ட எத்தினி படி தெரியுதுன்னு எண்ணிட்டு வா."

தண்ணீர் இறங்க இறங்கத்தான் மதகில் படி வெளியே தெரியும், அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. உச்சக் கோடையில் ஆவியாகிப் போவது மட்டுமே நாளைக்கு ஏழெட்டு மில்லிமீட்டர். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சாண். அதற்கு மேல் நவரைப் பட்டத்து நெல்லுக்குப் பாய்கிற தண்ணீர். சித்திரையில் மதகை ஒட்டித் தண்ணீர் நின்றால் கிணறு ஜூன் வரைக்கும் தாங்கும், அடுத்த பட்டமான சொர்ணவாரி நெல் நடலாமா வேண்டாமா என்று அப்பா அங்கேயே முடிவெடுத்துவிடுவார். ஏரி நிரம்பிக் கோடி போன வருடத்துக் கோடையும், அணைக்கட்டிலிருந்து வருகிற கால்வாய் காய்ந்து கிடந்த வருடத்துக் கோடையும், தெர்மாமீட்டரில் ஒரே டிகிரி காட்டினாலும் எங்களுக்கு ஒன்று இல்லை. மூன்றாம் நந்திவர்ம பல்லவன் வெட்டிய ஏரி என்பார்கள், ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை காலமாக எங்கள் வானிலை அறிக்கை அந்த மதகுப் படிதான்.

இன்னொரு கடுப்பும் இருக்கிறது. சமவெளியில் வெப்ப அலை என்று அறிவிக்க வெப்பம் 40ஐத் தொட வேண்டும், அதோடு இயல்பை விட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும், அல்லது நேராக 45ஐத் தொட வேண்டும். இயல்பே 39 என்கிற ஊரில் 43.5 வந்தால்தான் அது அலை. 41, 42இல் பத்து நாள் வெந்தாலும் கணக்கில் சேராது. சூடான ராத்திரிக்கும் வரையறை உண்டு, ஆனால் பகலில் 40ஐத் தொட்டால்தான் அதைப் பார்க்கவே செய்வார்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தால் குடும்பத்துக்கு நான்கு லட்சம். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் தூக்கமில்லாத நான்கு ராத்திரிக்குப் பிறகு நூறு நாள் வேலையில் ஏரி மண் வெட்டும்போது மயங்கி விழுகிற ஆயாவுக்கு எந்த அலை என்று எழுதுவார்கள்?

அதனால் டிவிக்காரர்களே, சதத்தோடு அன்றைக்கு ராத்திரி எவ்வளவு இறங்கியது என்பதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். கம்பெனி வைத்திருப்பவர்களே, மே மாதம் மட்டுமாவது ஷிஃப்டைக் காலை ஆறு மணிக்கு மாற்றிப் பாருங்கள், தகரத்துக்கு மேலே வெள்ளை அடியுங்கள், பெரிய செலவு இல்லை.

ஆற்காடு, சோளிங்கர், குடியாத்தம், ஆம்பூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டுச் சுவர் ராத்திரி எத்தனை மணிக்கு ஆறுகிறது என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் நேற்று ஒன்றரை. மதகில் நான்கு படி தெரிகிறது.