பிரேக் மிதித்தால் மட்டும் அதிர்வா? பேலன்சிங் உதவாது

"பிரேக் பிடிக்கும்போது கார் அதிர்ந்தால் வீல் பேலன்சிங் செய்தால் போதும்" என்ற கருத்து தவறு. பேலன்சிங் கோளாறு பிரேக்கைத் தொடாமல் 80, 90 கி.மீ. வேகத்தில் போகும்போதே தெரியும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வருகிற அதிர்வுக்கு சக்கரத்தோடு சுற்றும் பிரேக் பாகமான டிஸ்க்கையோ (தட்டு) டிரம்மையோதான் (உருளை) பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன் டிஸ்க். சீட்டும் தரையும் அதிர்ந்து பெடல் காலை உதைத்தால் பின் டிரம்மைச் சந்தேகிக்கலாம்.

பின்சக்கரத்தில் டிரம் உள்ள கார் என்றால், ஆளில்லாத, காய்ந்த, நேரான சாலையில் 40 கி.மீ. வேகத்தில் ஹேண்ட்பிரேக்கை மெதுவாக இழுங்கள். ஹேண்ட்பிரேக் நுனியில் உள்ள பட்டனை அமுக்கியே பிடித்திருக்க வேண்டும், விட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதே அதிர்வு வந்தால் டிரம்தான்.

டிரம்மைக் கழற்றியதும் அதன் உள்விட்டத்தைப் பல இடங்களில் மைக்ரோமீட்டரால் (நுண் அளவுக் கருவி) அளக்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், வெர்னியர் அளவுகோல் போதாது. வித்தியாசம் 0.1 மி.மீ.-ஐத் தாண்டினால் டிரம் வட்டம் இழந்துவிட்டது. உள்பரப்பை லேத்தில் (கடைசல் இயந்திரம்) கடைந்து சரிசெய்யலாம், ஆனால் டிரம்மிலேயே வார்த்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டக் கூடாது. அதே அச்சின் இரண்டு டிரம்மையும் ஒரே அளவுக்குக் கடைய வேண்டும். நீலம் பாய்ந்த திட்டுகளோ வெடிப்போ இருந்தால் கடைவது வீண்செலவு, மாற்றிவிடுங்கள். அந்தத் திட்டுகள் கெட்டிப்பட்டவை, கடைசல் உளியே அங்கே துள்ளும்.

புது டிரம் போட்டும் அதிர்வு திரும்பினால் ஹப் முகத்து (டிரம் பொருந்தி உட்காரும் பரப்பு) துருவைச் சுரண்டினார்களா என்று கேளுங்கள். இம்பாக்ட் கன்னால் (நட்டு முடுக்கும் விசைக் கருவி) சக்கர நட்டுகளைக் கண்டபடி முடுக்குவதும் டிரம்மைக் கோணலாக்கும். எதிரெதிராக, குறித்த விசையில் முடுக்க உதவும் டார்க் ரெஞ்சில் முடுக்க வேண்டும்.